பஹாவ் பக்கம் பழைய கொரோலா கிராஸ் ஹைப்ரிட் வாங்கினால்: பின் சீட்டின் அடியிலிருந்து தொடங்குங்கள்

தோட்டப்புறத்தில் ஓடிய ஹைப்ரிட் காரைப் பார்க்கப் போகிறவர் முதலில் பானெட்டைத் திறக்க வேண்டாம். பின் கதவைத் திறந்து குனிந்து, சீட்டின் அடியில் உள்ள காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். டொயோட்டா கொரோலா கிராஸின் பெரிய பேட்டரி அந்தச் சீட்டுக்கு அடியில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சின்ன காற்றாடி, காருக்குள் இருக்கும் ஏர்கோன் காற்றை இழுத்து அதைக் குளிர்விக்கிறது. துவாரத்தில் ஒரு வடிகட்டி உண்டு. செம்மண் சாலையில் சன்னலை இறக்கிவிட்டு ஓட்டிய கார் என்றால், அந்த வடிகட்டி பழுப்பேறி, தூசியும் முடியும் சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி அடைத்திருக்கும். காற்று போகாத பேட்டரி சூடாகும். ஓடிய கிலோமீட்டரைவிட அந்தச் சூடுதான் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல்களைச் சீக்கிரம் தின்னும். 40,000 ஓடி அடைத்துக் கிடக்கும் காரைவிட, 90,000 ஓடி வடிகட்டி சுத்தமாக இருக்கும் கார் எவ்வளவோ மேல்.

இந்த மாடல் 2022 ஜனவரியில் உள்நாட்டில் பொருத்தப்பட்டு வந்தது. அப்போது புதிதாகச் சுமார் 137,000 வெள்ளி. 1.8 லிட்டர் இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்து 122 குதிரைத்திறன். எண்ணெய்த் தொட்டி 36 லிட்டர்தான். பெட்ரோல் மாடலைவிடச் சிறியது. தரையிலிருந்து 161 மி.மீ. உயரம். லாரித் தடம் ஆழமாக விழுந்த தோட்டச் சாலையில் நடுமேடு அடிவயிற்றை உரசும். லிப்டில் ஏற்றும்போது அடித்தகடுகளின் கிளிப்புகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்க நல்ல இடம் பக்கத்திலேயே இருக்கிறது. பஹாவிலிருந்து கோலப்பிலா வழியாகச் சிரம்பானுக்கு அறுபது கிலோமீட்டருக்குக் குறையாது. நடுவில் புக்கிட் புத்துஸ் ஏற்றம். இந்தக் காரின் கியர் பெட்டியில் பெல்ட்டும் இல்லை, கிளட்சும் இல்லை, பற்சக்கரங்கள் மட்டுமே. அதனால் ஏற்றத்தில் இன்ஜின் உறுமுவது வழக்கம்தான், அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இறக்கத்தில் கியரை ‘B’யில் (இன்ஜின் பிரேக்) போட்டுப் பாருங்கள், கார் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். திரையில் தெரியும் பேட்டரிக் கட்டங்களைக் கவனியுங்கள். ஏறும்போது மெதுவாகக் குறைந்து, இறங்கும்போது மெதுவாக நிறைந்தால் சரி. சில நிமிடத்தில் உச்சிக்குப் போய் மறுபடி அடிக்கு விழுந்தால் பேட்டரியில் கோளாறு. பின்னால் காற்றாடி விடாமல் இரைந்தாலும் அதே சந்தேகம்தான்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? காரின் கோளாறுகளைப் படிக்க உதவும் ஓபிடி முனையில் ஒரு சிறு புளூடூத் கருவியைச் செருகி, கைப்பேசியில் ஹைப்ரிட் பேட்டரி செயலி ஒன்றைத் திறந்தால் ஒவ்வொரு பிளாக்கின் (செல்கள் சேர்ந்த தொகுதியின்) வோல்ட்டும் தெரியும். கார் நிற்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது பாருங்கள். ஒரு பிளாக் மட்டும் மற்றவற்றைவிட 1.2 வோல்ட் அளவுக்குத் தாழ்ந்தால் அதில் ஒரு செல் போய்விட்டது. ‘இப்போதுதான் செர்வீஸ் செய்தது’ என்று விற்பவர் சொல்லலாம். சொல்லட்டும், நீங்கள் அந்த வோல்ட் கணக்கைப் பாருங்கள்.

அடுத்தது எலி. எலியைப் பிடிக்க ஆந்தைக்குக் கூண்டு கட்டி வைத்திருக்கும் செம்பனைத் தோட்டத்து ஊர் இது. காரை மட்டும் எலி விட்டுவைக்குமா? கேபின் பில்டர் பெட்டியைத் திறந்து எலிப் புழுக்கை இருக்கிறதா பாருங்கள். ஆரஞ்சு நிற ஒயர்களில் உயர் மின்னழுத்தம் ஓடுகிறது. அதில் பல் தடமோ கறுப்பு டேப் சுற்றலோ கண்ணில் பட்டால் தொடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய காரும் சந்தைக்கு வரும். 2023 மார்ச்சில் சிகாமட், பத்து பகாட் பக்கம் வந்த வெள்ளம் நினைவிருக்கும். பஹாவுக்குச் சிகாமட் தூரமில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடி நுனியில் சேற்றுக் கோடு இருந்தால், பேட்டரி சீட்டுக்கு அடியில் இருப்பதை நினைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

பிரேக்கில் ஒரு வேடிக்கை. மோட்டாரே பாதி வேலையைச் செய்வதால் பேட் தேயாது, ஆனால் வேலை இல்லாமலே டிஸ்க் துருப்பிடிக்கும், காலிப்பர் பின்கள் இறுகும். சக்கரத்தைக் கழற்றி, பின்கள் கையால் நகர்கின்றனவா பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு மாற்றித் தரும் இன்வெர்ட்டருக்குத் தனிக் கூலண்ட் தொட்டி உண்டு, அதன் அளவையும் பாருங்கள். 12 வோல்ட் சின்ன பேட்டரி செத்தாலும் ‘ரெடி’ விளக்கு வராது. நாள்கணக்கில் நின்றிருந்த கார் கிளம்பாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அதை மாற்றுவது சின்னச் செலவு, விலை பேச நல்ல சாக்கு.

எண்ணெய்ச் செலவை மட்டும் கணக்குப் போட்டு வாங்கினால் ஏமாற்றம்தான். மாதம் 1,500 கி.மீ., ஹைப்ரிட் 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர், பெட்ரோல் மாடல் 7.5 லிட்டர் என்று வைத்தால் மிச்சம் 37.5 லிட்டர். 2025 செப்டம்பர் 30-இல் பொதுமக்களுக்குத் தொடங்கிய பூடி95 பெட்ரோல் மானியத் திட்டத்தின் 1.99 வெள்ளி விலையில் அது மாதம் 75 வெள்ளிகூட வராது. பெட்ரோல் மாடலைவிடப் பத்தாயிரம் வெள்ளி கூடக் கொடுத்தால், அந்தக் காசைத் திரும்ப எடுக்கப் பதினோரு வருடம் ஆகும். ஊருக்குள் நின்று நின்று ஓடுகிறவருக்குத்தான் இந்தக் கார் ருசிக்கும். அமைதியும் இழுவையும் உங்களுக்குப் பெரிதென்றால் அது வேறு கணக்கு.

இதைவிட மலிவாகப் பழைய ஹோண்டா எச்ஆர்-வி ஹைப்ரிட்டும், ஜப்பானிலிருந்து ரீகண்டாக வந்த ஹோண்டா வெசலும் கிடைக்கும். அவற்றில் ஏழு கியர் உலர் இரட்டை கிளட்ச். ஏற்றத்தில் செம்பனைக் குலை லாரிக்குப் பின்னால் ஊர்ந்தால் கிளட்ச் சூடாகும், முதல் கியரில் உதறும். மிக மலிவாகக் கிடைத்தாலொழிய வேண்டாம். 2022 ஜூலையில் வந்த எச்ஆர்-வி இ:எச்இவியில் அந்தத் தொல்லை இல்லை. கையில் காசு இருந்தால் தாராளமாகப் பார்க்கலாம்.

வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோமின் பி5 சோதனையில் தேறிவிட்டது என்பதில் மயங்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான அந்தச் சோதனை சேஸி நம்பர், இன்ஜின் நம்பர் போன்றவற்றைப் பார்க்கும். ஹைப்ரிட் பேட்டரியின் உடல்நிலையை அது சொல்லாது. முன்பணம் கொடுக்கும் முன் சேஸி நம்பரை அதிகாரப்பூர்வ செர்வீஸ் நிலையத்தில் கொடுத்து மூன்று விஷயம் கேளுங்கள்: செர்வீஸ் வரலாறு முழுதாக இருக்கிறதா, ரீகால் ஏதும் பாக்கியா, 8 வருட பேட்டரி வாரண்டி இரண்டாவது ஓனருக்கும் தொடருமா. விற்பவரின் லோன் இன்னும் முடியவில்லை என்றால், வங்கி தன் உரிமையை நீக்கிய பிறகுதான் கிரான் (வாகன உரிமைப் பத்திரம்) உங்கள் பெயருக்கு மாறும். அதுவரை மீதிப் பணத்தைக் கையில் வைத்திருங்கள்.