டெரியர் இன்ஜின் மாடல் ரிவியூ: கலரைப் பாத்து மயங்கிடாதீங்க

ஓஓ ஸ்கேல் (நிஜத்துல 76ல ஒரு பங்கு சைஸ்) டெரியர் ஒண்ணு வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை, ஆசை முத்திப்போய் ரெண்டா வாங்கிட்டேன், ஒண்ணு ஸ்ட்ரௌட்லி காலத்து மஞ்சள், இன்னொண்ணு பிரிட்டிஷ் ரயில்வேஸ் கறுப்பு. ரெண்டும் ஒரே கம்பெனி. பேர் வேணாம், கொஞ்சம் குறையும் சொல்லப்போறேன்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. லண்டன் பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேக்காக வில்லியம் ஸ்ட்ரௌட்லி டிசைன் பண்ணின குட்டி டேங்க் இன்ஜின் இது, ஆறு சக்கரம், 28 டன் சொச்சம்தான் வெயிட், 1872லேர்ந்து 1880க்குள்ள பிரைட்டன் ஒர்க்ஷாப்ல 50 கட்டினாங்க. சவுத் லண்டன் லைன்லயும் தேம்ஸுக்கு அடியில டனல் வழியா போற ஈஸ்ட் லண்டன் லைன்லயும் ஓட்டறதுக்குத்தான் முக்கியமா கட்டினது, அதனால ஸ்டெப்னி, பாப்ளர், ஃபென்சர்ச்னு லண்டன் ஏரியா பேரா நிறைய வெச்சாங்க. கிளம்பும்போது வர்ற சத்தம் குட்டி நாய் குரைக்கிற மாதிரி இருக்கும்னுதான் டெரியர்.

முதல்ல மஞ்சள். பெயிண்ட் அட்டகாசம், அதுல குறையே கிடையாது. டேங்க் பக்கவாட்டுல நடுவுல மஞ்சள், சுத்தி கரும்பச்சை பார்டர், அந்த ரெண்டுக்கும் இடையில ஓடற மெல்லிசு கோடுங்களை லென்ஸ் வெச்சுப் பாத்தேன், மூலையில வளையற இடத்துல கூட பிசிறு இல்ல. மொத்த இன்ஜினே பத்து சென்டிமீட்டர் சொச்சம்தான்னு யோசிச்சா, பிரின்ட் பண்ணவனுக்குக் கைகுடுக்கணும்.

ஆனா பாடி? ஸ்ட்ரௌட்லி கட்டின ஒரிஜினலுக்கு ஏ1னு பேர். பின்னாடி வந்த இன்ஜினியர் மார்ஷோட டிசைன்படி 1911லேர்ந்து புது பாய்லர் போட்டு மாத்தினாங்க, அதுக்குப் பேர் ஏ1எக்ஸ். முன்னாடி ஸ்மோக்பாக்ஸ் (புகை சேர்ற பகுதி) நீளமாச்சு, முன் சக்கரத்து மேல இருந்த, சக்கரம் வழுக்காம தூவற மணல் பெட்டி கீழ இறங்கிடுச்சு. நான் வாங்கினது மஞ்சள் கலர்ல இருக்கிற ஏ1எக்ஸ் பாடி, பெட்டியில மட்டும் விக்டோரியா காலம்னு போட்டிருக்கான். கறாரா பாத்தா இந்தக் காம்பினேஷன் சரியா வர்றது ரெண்டே இடம்தான் எனக்குத் தோணுது, 1947ல பிரைட்டன் ஒர்க்ஷாப் ஷன்டிங்குக்குன்னே (உள்ளயே வண்டிகளை நகர்த்தற வேலை) பழைய கலர் அடிச்ச 377எஸ்ங்கிற நம்பர் இன்ஜின், அப்புறம் 1960ல பழைய ரயிலைப் பாதுகாத்து ஓட்டற ப்ளூபெல் ரயில்வேக்குப் போன ஸ்டெப்னி. 1880 லண்டன் மாதிரி மாடல் லேஅவுட் பண்றவங்க இதை வாங்கினா தெரிஞ்சவன் வந்து சிரிப்பான். ஒரிஜினல் ஏ1 எப்படி இருக்கும்னு பாக்க யார்க் ரயில்வே மியூசியத்துல பாக்ஸ்ஹில்ங்கிற இன்ஜின் நிக்குது.

கறுப்புதான் என்னோட ஃபேவரிட், நம்பர் 32670. இந்த ஒரே இன்ஜின் போட்ட வேஷத்தைப் பாருங்க: 1872ல மஞ்சள் கலர்ல பாப்ளர், 1901ல ராதர் வேலி ரயில்வே வாங்கி நீலம் அடிச்சு போடியம்னு பேர் மாத்தினான், அந்த லைன்தான் பின்னாடி கென்ட் அண்ட் ஈஸ்ட் சசெக்ஸ் ஆச்சு, 1948ல நேஷனலைஸ் ஆனதும் இந்த நம்பர் வந்து கறுப்பு ஏறுச்சு. கடைசியில ஹேலிங் தீவு பிராஞ்ச். அங்க லாங்ஸ்டன்ல இருந்த மரப்பாலம் பெரிய இன்ஜினைத் தாங்காது, அதனாலதான் 90 வயசு இன்ஜினை 1963 நவம்பர் வரைக்கும் விடாம ஓட்டினாங்க. லைன் மூடினப்ப ஓடின கடைசி ஸ்பெஷலுக்கு 32636ஓட இதுவும் போச்சு. அந்த 32636 யாருன்னா நம்ம ஃபென்சர்ச்.

ஐல் ஆஃப் வைட் தீவுல ஓடின இன்ஜினோட பச்சையும் இதே சீரிஸ்ல விக்கிறாங்க, டபிள்யூ8, டபிள்யூ11 மாதிரி நம்பரோட. நான் வாங்கல. ஆனா கறுப்பை வாங்கிப் பச்சை அடிச்சு நம்பர் ஒட்டிக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, தீவுல ஓடின இன்ஜினுங்களோட பின்பக்கம் நிலக்கரி பங்கர் பெருசா நீட்டியிருக்கும், வெறும் பெயிண்ட் போதாது. (டபிள்யூ11 நியூபோர்ட் சும்மா இல்ல, பிரைட்டன்ங்கிற பேர்ல 1878 பாரிஸ் எக்ஸிபிஷன்ல தங்க மெடல் வாங்கினது. தீவுலயே பிரிசர்வ் பண்ணி வெச்சிருக்காங்க.)

ஓட்டம் எப்படி? ஸ்லோ ஸ்பீடு சூப்பர், பெட்டியிலேர்ந்து எடுத்து ரெண்டு பக்கமும் அரை மணி நேரம் சும்மா சுத்தவிட்டேன், அப்புறம் நகர்றதே தெரியாம நகருது. மூணு கோச் இழுக்குது, நாலாவது மாட்டினா ஏத்தத்துல சக்கரம் வழுக்குது, ஹேலிங்ல நிஜ இன்ஜினே சாதாரணமா ரெண்டு மூணு கோச்சுதான் இழுத்துச்சு அதனால எனக்கு ஓகே. பிரச்சனை பாயிண்ட்ல, அதாவது தண்டவாளம் ரெண்டா பிரியற இடத்துல. வீல்பேஸ் (முன் பின் சக்கரத்துக்கு இடையில தூரம்) குட்டி, தண்டவாளம் குறுக்க வெட்டற முனையில பிளாஸ்டிக் ஃப்ராக் வர்ற இடத்துல கரெண்ட் போய் டக்குனு நிக்குது, விரலால தள்ளணும். எலக்ட்ரோஃப்ராக் (கரெண்ட் பாயற மெட்டல் ஃப்ராக்) போட்ட பாயிண்ட்ல இந்தத் தொல்லை இல்ல. மஞ்சள்ல ஒரு பிரேக் ராட் பெட்டிக்குள்ளயே கழண்டு கிடந்துச்சு, பசை வெச்சு ஒட்டிக்கிட்டேன், நூறு பவுண்டுக்கு மேல வாங்கற பொருளுக்கு இது ஓவர். டிசிசி டிகோடர் (டிஜிட்டல் கன்ட்ரோலுக்கான சிப்) போட இடம் இருக்குன்னு சொல்றான், இருக்கு, ஆனா ஒயரை மடிச்சு மடிச்சு சொருகறதுக்குள்ள உயிர் போகுது, கூட வர்ற பேப்பர்ல படம் கூட ஒழுங்கா இல்ல.

கறுப்புக்கு அஞ்சுக்கு நாலரை, மஞ்சளுக்கு மூணு, அதுவும் பெயிண்டுக்காக. ரெண்டுல ஒண்ணுதான்னா 1950கள் ஹேலிங்கோ நியூஹேவன் துறைமுகமோ மனசுல வெச்சுக் கறுப்பை எடுங்க. எனக்கு அடுத்து வேண்டியது 1903ல லண்டன் அண்ட் சவுத் வெஸ்டர்ன் லைம் ரீஜிஸ் பிராஞ்சுக்காக வாங்கின ரெண்டுல ஒண்ணு, 734 இல்ல 735, அந்தக் கம்பெனி பச்சையில. செகண்ட் ஹேண்ட்னாலும் பரவால்ல, எங்கயாச்சும் பாத்தா சொல்லுங்க.