254 போதாமல் போனால்: மாஸ்க்கை விரிப்பதா, நெட்வொர்க்கைப் பிரிப்பதா?

பெங்களூரில் சின்ன ஆபீஸ், பிஜி (பணம் கட்டித் தங்கும் விடுதி), கோச்சிங் சென்டர் என்று நெட்வொர்க் போட்டுக் கொடுக்கும் நம்மாட்களிடம் ஓயாமல் நடக்கும் வாக்குவாதம் இது. பெட்டியைப் பிரித்ததும் ரூட்டரில் என்ன இருந்ததோ அதையே விட்டிருப்பார்கள்: 192.168.1.0, மாஸ்க் 255.255.255.0. (முகவரியில் எந்தப் பகுதி நெட்வொர்க்குக்கு, எந்தப் பகுதி தனி மெஷினுக்கு என்று காட்டும் எண்தான் மாஸ்க்.) ஆட்கள் கூடுவார்கள், ஆளுக்கொரு லேப்டாப், இரண்டு போன். இருக்கும் 254 முகவரியும் ஒருநாள் தீர்ந்துவிடும். அப்போது ஒரு கட்சி, மாஸ்க்கை 255.255.254.0 ஆக்கு, 510 கிடைக்கும், வேலை முடிந்தது என்கிறது. இன்னொரு கட்சி, வி-லேன் (ஒரே ஸ்விட்சைப் பல தனி நெட்வொர்க்காக நடத்தும் முறை) போட்டுத் துண்டு துண்டாகப் பிரி என்கிறது. மூன்றாவதாக ஒரு குறுக்கு வழிக்காரரும் இருக்கிறார். அவரிடம் பிறகு வருவோம்.

சண்டைக்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். முகவரி நிஜமாகவே தீர்ந்ததா, அல்லது யாரும் இல்லாத வீட்டுக்கு வாடகைச் சீட்டு ஓடிக்கொண்டிருக்கிறதா? மாரத்தஹள்ளியில் பிஜி நடத்தும் கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர், “தம்பி, வைஃபை பிடிக்குதாம், நெட் மட்டும் வரலையாம், பசங்க கத்துறாங்க” என்றார். விண்டோஸ் லேப்டாப்பில் பார்த்தால் 169.254 என்று தொடங்கும் முகவரி. முகவரி வழங்கும் டிஎச்சிபி கை விரித்துவிட்டது, மெஷின் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அங்கே தங்கியிருந்தவர்களோ நூறு பேர்கூட இல்லை. மாடிக்கொரு வைஃபை பெயர் வைத்திருந்தார்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் வேறுவேறு மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்ணை)க் காட்டுகின்றன. ஒரே பையன் சாப்பிடக் கீழே வந்து மேலே போனால் டிஎச்சிபி கணக்கில் இரண்டு ஆள். லீஸோ, அதாவது கொடுத்த முகவரியை ஒருவருக்கென்றே பிடித்துவைக்கும் காலம், எட்டு நாள். எல்லா மாடிக்கும் ஒரே பெயர், லீஸ் இரண்டு மணி நேரம் என்று மாற்றியதும் பாதிக்கு மேல் முகவரி திரும்பக் கிடைத்தது. மாஸ்க்கைத் தொடவே இல்லை.

நிஜமாகவே தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாஸ்க்கை விரிக்கும் கட்சியை முதலில் எடுப்போம். நம் ஊர்ப் பசங்களுக்குப் பிடித்தது இதுதான். கோரமங்களாவில் இரண்டு மாடி ஆபீஸ் ஒன்று, 192.168.10.0 வரிசை. என்னோடு வேலை பார்க்கும் ஓசூர்ப் பையன் கேட்டான்: “அண்ணா, 255-ஐ 254 ஆக்கினா தீர்ந்துச்சு. எதுக்கு ஸ்விட்சை மாத்தச் சொல்றீங்க?”

கணக்கு அவன் சொன்னபடிதான். 10-ஐ இரும எண்ணில் எழுதினால் 00001010, 11 என்றால் 00001011. மாஸ்க்கில் 254 என்பது 11111110. கடைசி பிட்டை அது பார்ப்பதே இல்லை; அந்த ஒரு பிட்டில்தான் 10-க்கும் 11-க்கும் வித்தியாசம். ஆகவே இரண்டும் ஒரே நெட்வொர்க். 192.168.10.1 முதல் 192.168.11.254 வரை எல்லாம் மெஷினுக்குக் கொடுக்கலாம். நடுவில் வரும் 10.255-ம் 11.0-ம்கூடச் சாதாரண முகவரிகளே. அவற்றைப் பார்த்துப் பயந்து ஒதுக்கி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதே வரிசை 192.168.1.0 என்று இருந்திருந்தால் கதை வேறு. பலர் நினைப்பது போல 1-ம் 2-ம் சேராது. சேர்வது 0-ம் 1-ம். ஸ்லாஷ் 23 (255.255.254.0 மாஸ்க்கின் சுருக்கப் பெயர்) எப்போதும் இரட்டைப்படையில்தான் தொடங்கும், ஸ்லாஷ் 22 (255.255.252.0) நான்கின் மடங்கில். ஃபைபர்காரர் வைத்துவிட்டுப் போன மோடம் 192.168.0.1-ல் உட்கார்ந்திருந்தால், விரித்த மாஸ்க் நேராக அதன் மேல் போய் விழும். ரூட்டரின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே வரிசை. சில ரூட்டர்கள் ஏற்கவே மறுக்கும், சில ஏற்றுக்கொண்டு உயிரை வாங்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை, கையால் முகவரி போட்ட சாமான்கள். டிஎச்சிபியில் மாஸ்க்கை மாற்றினால் லேப்டாப்கள் மாறிவிடும். பிரின்டர், வருகைப் பதிவு மெஷின், கேமரா பெட்டி எல்லாம் பழைய மாஸ்க்கிலேயே நிற்கும். பாஸ்வேர்டு தெரிந்தவர் வேலையை விட்டுப் போய் நாளாகியிருக்கும். இப்போது 192.168.11.37 என்ற லேப்டாப், 192.168.10.50-ல் இருக்கும் பிரின்டரைக் கூப்பிடுகிறது. லேப்டாப்புக்கு அது பக்கத்து வீடு, நேராகப் போய்க் கதவைத் தட்டுகிறது. பழைய மாஸ்க்கில் இருக்கும் பிரின்டருக்கோ 11.37 வெளியூர், பதிலை வெளியே போகும் வாசலான கேட்வேயிடம் கொடுக்கிறது. கேட்வே வெறும் ரூட்டராக இருந்தால் திருப்பி அனுப்பிவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஃபயர்வாலாக இருந்தால், தொடக்கத்தையே பார்க்காத இணைப்புக்கு இதென்ன பதில் என்று தூக்கி எறியும். பிரின்டரில் கேட்வேயே போடவில்லை என்றால் பதில் கிளம்பவே கிளம்பாது. ‘என் சிஸ்டத்தில் வருகிறது, அவன் சிஸ்டத்தில் வரவில்லை’ என்ற புகார்களில் பலவற்றின் வேர் இங்கேதான்.

இவ்வளவையும் சரிசெய்துவிட்டாலும் ஒன்று மிச்சம். 510 மெஷினும் ஒரே பிராட்காஸ்ட் வட்டத்தில்: ஒன்று எல்லோருக்குமாகக் கூவினால் அத்தனைக்கும் கேட்கும். ஒயரில் இது பெரிய பாரம் இல்லை. வைஃபையில்தான் உதைக்கும்: பிராட்காஸ்டை, வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் தன் அடிமட்ட வேகத்தில்தான் அனுப்பும், அந்த நேரம் முழுக்க மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியின் போனும் அக்கவுன்ட்ஸ் கம்ப்யூட்டரும் கேமரா பெட்டியும் ஒரே கூரைக்குக் கீழ்.

பிரிக்கும் கட்சிக்கு இதுதான் பலம். ஊழியர்களுக்கு ஒன்று, விருந்தாளி வைஃபைக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, பிரின்டர் வகையறாவுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஸ்லாஷ் 24 (255.255.255.0). எது எதைப் பார்க்கலாம் என்பதை ஃபயர்வாலில் எழுதிக்கொள்ளலாம். ஊழியர் வரிசை பழைய முகவரியிலேயே இருக்கலாம் என்பதால் அங்கே கையால் போட்டவற்றைத் தேடி அலைய வேண்டாம். கேமராவையும் பிரின்டரையும் எப்போது முடிகிறதோ அப்போது நகர்த்திக்கொள்ளலாம். ஸ்விட்ச் கணக்கிலும் வசதி: 802.1க்யூ என்ற வி-லேன் தரத்தில் 4094 வி-லேன் வரை இடம் உண்டு, சின்ன ஆபீஸுக்கு ஐந்து போதும்.

செலவு இல்லாமல் இல்லை. எஸ்.பி. ரோட்டில் மலிவாக வாங்கிப் போட்ட, உள்ளே எதையும் அமைக்க முடியாத அன்மேனேஜ்டு ஸ்விட்ச் இதற்கு ஆகாது. மேனேஜ்டு வேண்டும், வி-லேன் புரிந்த ஆக்சஸ் பாயின்ட் வேண்டும். ஒரு செக்மென்டிலிருந்து (பிரித்த துண்டிலிருந்து) இன்னொன்றுக்குப் போகும் எல்லாம் ரூட்டர் வழியே போவதால் அது சோப்ளாங்கியாக இருந்தால் மூச்சு வாங்கும். பிறகு, லேப்டாப்பிலிருந்து மீட்டிங் ரூம் டிவிக்குக் காஸ்ட் செய்வது மறுநாளே நின்றுவிடும். டிவியைத் தேடும் எம்டிஎன்எஸ் அழைப்பு 224.0.0.251-க்குப் போவது, செக்மென்ட் எல்லையை அது தாண்டாது. ரூட்டரில், அழைப்பை மறுபக்கம் எடுத்துச் சொல்லும் ரிஃப்ளெக்டர் போட்டால்தான் சரியாகும். பிரித்தவர் இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், முதலாளி கண்ணில் அவர் ‘நல்லா இருந்ததைக் கெடுத்தவர்’.

குறுக்கு வழிக்காரர் சொல்வது: ரூட்டரின் அதே போர்ட்டில் இரண்டாவது முகவரி ஒன்றைக் கொடு, அதே ஒயரில் 192.168.20.0-ம் ஓடட்டும். ஓடும். ஆனால் ஒயர் ஒன்று, பிராட்காஸ்ட் ஒன்று, பாதுகாப்பு பூஜ்யம், டிஎச்சிபி யாருக்கு எந்த வரிசையைக் கொடுப்பது என்று குழம்பும். முகவரி மாற்றம் நடக்கும் இரண்டு வாரத்துக்கு மட்டும் சரி.

என் தீர்ப்பு: பிஜியில் மாஸ்க்கை விரி, ஆபீஸில் பிரி. பிஜியில் எல்லாமே போனும் லேப்டாப்பும்தான், கையால் முகவரி போட்ட சாமான் அநேகமாக இல்லை, ஒருவரை ஒருவர் பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை. ஸ்லாஷ் 22 போட்டு, ஆக்சஸ் பாயின்டில், ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காமல் தடுக்கும் கிளையன்ட் ஐசொலேஷனை இயக்கினால் போதும். கேமராவை மட்டும் தனியே வைத்துவிடுங்கள். ஆபீஸில் எத்தனை மெஷின் என்பது இரண்டாம் கேள்வி, யார் யாரைப் பார்க்கலாம் என்பதே முதல் கேள்வி. அதற்கு மாஸ்க்கை விரிப்பது பதிலே இல்லை.

பிரிப்பது என்று முடிவானதும் எந்த வரிசை என்ற கேள்வி வரும். 1996-ல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணையத் தர ஆவணம் மூன்று தனியார் வரிசைகளைத் தந்தது: 10-ல் தொடங்கும் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சம், 172.16 முதல் 172.31 வரை பத்து லட்சத்துச் சொச்சம், 192.168-ல் 65,536. எண்ணிக்கையில் எதுவும் குறைச்சல் இல்லை. சிக்கல் மோதலில்தான். வீட்டு ரூட்டர் 192.168.1, ஆபீஸும் 192.168.1 என்றால் விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழையும் தனிவழி) போட்டவர் வீட்டிலிருந்து ஆபீஸ் சர்வரைத் தேடும்போது சொந்த வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருப்பார். ஜியோ ஃபைபர் ரூட்டர் 192.168.29.1 என்று தள்ளி நிற்பது ஒருவகையில் நல்லதே.

10 வரிசை தாராளம்தான். ஆனால் இந்த ஊரில் கிளையன்ட்டுக்கு (வேலை கொடுக்கும் வெளிக் கம்பெனிக்கு) வேலை செய்யும் ஆபீஸ்கள் ஏராளம். பெரிய கம்பெனியின் விபிஎன் 10.0.0.0/8 மொத்தத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வது உண்டு. அப்போது உங்கள் செக்மென்டில் இருப்பது மட்டும் தெரியும், அடுத்த செக்மென்டின் பிரின்டர் கடல் கடந்து போய்விடும். 172-லோ டாக்கர் (மென்பொருளைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் கருவி) 172.17-ல் உட்கார்ந்து, ப்ராஜெக்ட் கூடக்கூட 18, 19 என்று ஏறிப்போகும். அமேசான் கிளவுடின் டீஃபால்ட் விபிசி (தானாகக் கிடைக்கும் தனி நெட்வொர்க்) 172.31. இதில் இரண்டுக்கும் படாமல் இருப்பது 172.16. கிளையன்ட் வேலை செய்யும் ஆபீஸுக்கு நான் அதைத்தான் எடுக்கிறேன். கிளையன்ட் விபிஎன் இல்லாமல் சொந்தக் கிளைகள் மட்டும் உள்ள கடைகளுக்கு 10-தான், இரண்டாம் எண்ணாக 47, 83 போல யாரும் சட்டென்று எடுக்காத ஒன்றை வைத்து.

கோரமங்களா ஆபீஸின் ஊழியர் வரிசையும் பிறகு இந்தப் பக்கம்தான் வந்தது: ஊழியர் 172.16.16.0, விருந்தாளி 172.16.20.0, கேமரா 172.16.24.0, பிரின்டர் 172.16.28.0. இப்போதைக்கு நான்குமே ஸ்லாஷ் 24. எல்லாம் நான்கின் மடங்கில் தொடங்குவதால், எதில் இடம் போதாவிட்டாலும் ஸ்லாஷ் 22 வரை அதை மட்டும் விரிக்கலாம், பக்கத்து வரிசையில் இடிக்காது. நான்கும் சேர்ந்து 172.16.16.0/20-க்குள் அடங்கிவிடுவதால் சென்னைக் கிளை ரூட்டரில் எழுத வேண்டியது ஒரே ஒரு வரி.