பழைய மதிப்பையே காட்டும் ராப்பர் வகுப்பு: எந்தத் திருத்தம் மேல்?

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று, சிறு விவசாயிகளிடம் வாங்கும் பசுந்தேயிலையின் எடைச்சீட்டுகளை எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் பதிவதாகக் கொள்வோம். பைத்தானில் எழுதிய ராப்பர் வகுப்பு (இன்னொரு பொருளைப் போர்த்தி நிற்கும் வகுப்பு), வினவல்களை இயக்கும் கர்சரின் ரோகவுண்ட் (வினவல் மாற்றிய வரிசைகளின் எண்ணிக்கை), லாஸ்ட்ரோஐடி (கடைசியாகச் சேர்த்த வரிசையின் அடையாள எண்), அர்ரேசைஸ் (ஒரு தடவையில் எடுக்கும் வரிசைகளின் எண்ணிக்கை) ஆகிய பண்புகளை, பொருள் உருவாகும்போது இயங்கும் இனிட் முறையிலேயே தன்னிடம் நகலெடுத்துக்கொள்கிறது. அப்போது எந்த வினவலும் இயங்கியிராததால் ரோகவுண்ட் -1 ஆக இருக்கும். அந்த மாதத்தின் சராசரி விலையைத் தேயிலை வாரியம் அறிவித்த பிறகு, எல்லாச் சீட்டுகளிலும் அதை ஏற்றி, எத்தனை வரிசைகள் மாறின என்று கேட்டால், கர்சருக்கு விடை தெரிந்திருந்தும் ராப்பர் -1 என்றே சொல்லும்.

ஒவ்வொரு வினவலுக்கும் பின் நகலைப் புதுப்பிப்பது முதல் வழி. பின்னாளில், ஒரே வினவலைப் பல தரவுகளுக்கு இயக்கும் எக்ஸிக்யூட்மெனி முறையைச் சேர்ப்பவர் அந்த வரியை மறந்தால் பழைய நோய் திரும்பும் என்பதால் அதைப் பரிந்துரைப்பதற்கில்லை. இரண்டாவது வழியாக, கர்சரையே தாய் வகுப்பாகக் கொண்டால் நகலுக்கே இடமில்லை. ஆனால் நாளை போஸ்ட்கிரெஸ் என்ற வேறு தரவுத்தளத்துக்கு மாற விரும்பினால், எஸ்கியூலைட்டோடு பிணைந்த அந்த வகுப்பைத் திருத்தியாக வேண்டும்.

உண்மையான போட்டி, கிடைக்காத பெயரைத் தேடித் தரும் கெட்ஆட்டர் முறைக்கும், கேட்கும்போதெல்லாம் ஒரு முறையை இயக்கி மதிப்பைத் தரும் பண்பான ப்ராப்பர்ட்டிக்கும்தான். கெட்ஆட்டர் இரண்டே வரிகளில் எல்லாப் பெயர்களையும் கர்சருக்குத் திருப்பிவிடும். ஆனால், வழக்கமான தேடலில் பெயர் கிடைக்காதபோது மட்டுமே பைத்தான் அதை அழைக்கும்; ஆகவே இனிட்டில் ஒரு நகல் வரி நீக்கப்படாமல் எஞ்சியிருந்தாலும் அந்தப் பழைய மதிப்பே சத்தமின்றி வெல்லும். ராப்பரின் அர்ரேசைஸை 100 என்று மாற்றினாலும் அது ராப்பரோடு நின்றுவிடும். வரிசைகளைத் தொகுதியாக எடுத்துத் தரும் கர்சரின் ஃபெட்ச்மெனி முறை வழக்கம்போல் ஒரே வரிசையைத் தரும். ஃபார் சுழலுக்குத் தேவையான ஐட்டர் போன்ற சிறப்புமுறைகளைப் பைத்தான் வகுப்பிலேயே தேடுவதால், அவற்றுக்கும் கெட்ஆட்டர் உதவாது.

ப்ராப்பர்ட்டியில் பெயருக்கொரு சிறு முறை எழுத வேண்டும். கொஞ்சம் அலுப்பான வேலைதான். அதற்கு ஈடாக, செட்டர் (மதிப்பை எழுத அனுமதிக்கும் முறை) இல்லாத ப்ராப்பர்ட்டியின் பெயரில் பழைய நகல் வரி எஞ்சியிருந்தால், பொருளை உருவாக்கும் கணமே ஆட்ரிபியூட்எர்ரர் என்ற பிழை எழுந்து தவற்றைக் காட்டிக்கொடுக்கும். அர்ரேசைஸுக்குச் செட்டர் தேவை என்பதால் இந்தக் காவல் அதற்குக் கிட்டாது. அதன் நகல் வரி தங்கினாலும் கர்சரின் மதிப்பே அதற்குத் திரும்ப எழுதப்படுவதால் கேடில்லை. மூன்றே பண்புகள் வேண்டிய இந்தத் தொழிற்சாலைக்கு நான் ப்ராப்பர்ட்டியையே தேர்வேன். கர்சரின் எல்லாப் பெயர்களும் வெளியே தெரிந்தாக வேண்டிய ராப்பருக்கு மட்டும், நகல் வரிகளை முற்றிலும் நீக்கிய பிறகு, கெட்ஆட்டர் ஏற்கத்தக்கது.