பெட்டாவும் வரிக்குதிரை டேனியோவும்: இணைசேர்க்கையில் இரு வழிகள்

மீன்களின் இணைசேர்க்கையைத் தொட்டியில் கவனிக்க விரும்புவோருக்குப் பெட்டா என்னும் சண்டை மீனையே முதலில் பரிந்துரைப்பேன். எளிதாகக் குஞ்சு பொரிக்கச் செய்வதே நோக்கமென்றால் வரிக்குதிரை டேனியோ என்னும் சிறிய வரிமீன் போதும்.

பெட்டாவில் ஆண்தான் தொடங்குகிறது. வாயில் ஊறும் பசைநீர் பூசிய காற்றுக் குமிழிகளை நீர்ப்பரப்பில் சேர்த்துக் கூடு கட்டும் அது, துடுப்புகளையும் செவுள் மூடிகளையும் விரித்துப் பெண்ணின் முன் நிற்கிறது. இணங்கும் பெண்ணின் உடலில் செங்குத்துப் பட்டைகள் தோன்றுகின்றன. கூட்டின் அடியில் ஆண் உடலை வளைத்துப் பெண்ணை அணைக்கும்போது வெளிப்படும் முட்டைகள் மெல்ல மூழ்க, ஆண் அவற்றை வாயால் பொறுக்கிக் குமிழிகளுக்கிடையே வைக்கிறது. இந்த அணைப்பு பலமுறை நிகழும். அதன்பின் ஆண் பெண்ணைத் துரத்திக் கடிக்கும் என்பதால், பெண்ணை உடனே வேறு தொட்டிக்கு மாற்றுவது கட்டாயம். ஏறத்தாழ 24 முதல் 48 மணி நேரத்தில் பொரியும் குஞ்சுகள் தாமாக நீந்தும் வரை, கீழே விழுபவற்றை மீண்டும் மீண்டும் கூட்டில் சேர்க்கும் ஆணின் பொறுமை வியப்புக்குரியது.

டேனியோவில் கூடும் இல்லை, காவலும் இல்லை. காலையில் ஒளி பட்டதும் ஆண்கள் பெண்ணைப் பின்தொடர்ந்து அதன் பக்கவாட்டில் முட்ட, பெண் ஒட்டும் தன்மையற்ற முட்டைகளைத் தரையில் சிதறவிடுகிறது. பெற்றோரே அவற்றைத் தின்றுவிடுவதால், முட்டைகள் மட்டும் நழுவிச் செல்லும் வலையையோ கோலிக்குண்டுகளையோ அடியில் இட வேண்டும். ஆயினும் அம்முட்டைகள் ஒளி ஊடுருவக்கூடியவை. பொரிவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் கரு வளர்வதை உருப்பெருக்கியில் தெளிவாகக் காணலாம்.