பெர்க்லி வாய்மொழி வரலாற்று மையம்: ஆர்தர் ராக் நேர்காணல் எப்படி?

சிலிக்கான் பள்ளத்தாக்குக்கு முதலில் பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள், காசு கொடுத்து எதையும் வாங்கும் முன் இதைப் பாருங்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக நூலகத்தோடு சேர்ந்த மையம் இது. முதல் தலைமுறை வென்ச்சர் கேப்பிட்டல் ஆட்களை, அதாவது புதிய கம்பெனிகளில் துணிந்து பணம் போட்டுப் பங்கு வாங்குகிறவர்களை, உட்கார வைத்துப் பேசவிட்டு, பேசியதை எழுத்தாக்கி இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். டாம் பெர்கின்ஸ், டான் வாலன்டைன், பில் டிரேப்பர் எல்லோரும் இந்தத் தொகுப்பில் இருக்கிறார்கள். ஒன்றுதான் படிக்க நேரம் என்றால் ஆர்தர் ராக்கை எடுங்கள்.

ராக் 1926-ல் பிறந்தவர், ராசெஸ்டர் ஊர்க்காரர், அப்பா மிட்டாய்க் கடை வைத்திருந்தார். 1957-ல் நியூயார்க்கில் ஹேடன் ஸ்டோன் என்ற பங்குத் தரகு நிறுவனத்தில் வேலை. அங்கே ஒரு கடிதம் வருகிறது. டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வில்லியம் ஷாக்லியின் கம்பெனியில் வேலை பார்த்து, அவரோடு ஒத்துப்போகாத ஏழு பேர் (பிறகு ராபர்ட் நாய்ஸும் சேர்ந்து எட்டு பேர்), எங்களை மொத்தமாக வேலைக்கு எடுத்துக்கொள்ள யாராவது கிடைப்பார்களா என்று கேட்கிறார்கள். ராக்கும் அவருடைய மேலதிகாரி பட் காயிலும் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பறந்து வந்து, வேலை எதற்கு, தனியாகக் கம்பெனியே தொடங்குங்கள் என்கிறார்கள். கையில் பத்திரம் எதுவும் தயாராக இல்லை, காயில் பத்து ஒரு டாலர் நோட்டுகளை எடுத்து வைக்க, பத்து பேரும் எல்லா நோட்டிலும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் ஒப்பந்தம்! அப்புறம் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் கையை விரித்த பிறகுதான் தொழிலதிபர் ஷெர்மன் ஃபேர்சைல்டு பணம் போட்டார், ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் என்ற சிப் கம்பெனி பிறந்தது.

மீதி பலருக்கும் தெரிந்த கதைதான். 1961-ல் டாம் டேவிஸோடு சேர்ந்து 50 லட்சம் டாலர் நிதி. 1968-ல் அந்த எட்டு பேரில் இருந்த நாய்ஸும் மூரும் இன்டெல் தொடங்கியபோது ஃபோனிலேயே 25 லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்து முதல் சேர்மனாகவும் உட்கார்ந்தார். 1978-ல் ஆப்பிளில் போட்ட 57,600 டாலர், கம்பெனி 1980-ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது சுமார் 1.4 கோடி டாலர்.

இவ்வளவு செய்தவர் நீட்டி முழக்குகிற ஆள் இல்லை, எண்ணி எண்ணித்தான் வார்த்தையை விடுவார். கேள்வி கேட்பவரின் பொறுமைக்கே தனியாக மார்க் போடலாம். மசாலா எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். திட்ட அறிக்கை வந்தால் கணக்கைவிட ஆட்களை முதலில் பார்க்கிற பழக்கம் அவருக்கு, தன்னையே ஏமாற்றிக்கொள்ளாதவனா என்றுதான் பார்ப்பாராம். எனக்குப் பிடித்தது இந்தப் பக்கம்தான்.

குறையென்றால், இந்த வகை நேர்காணலுக்கே உள்ளதுதான், ஒரு தரப்பு மட்டும்தான் பேசும். 1985-ல் ஸ்டீவ் ஜாப்ஸை ஓரங்கட்டிய ஆப்பிள் இயக்குநர் குழுவில் ராக்கும் இருந்தார். அந்த விவகாரத்தை இவர் வாயால் மட்டும் கேட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். இன்னொன்று, பிடிஎஃப் கோப்பு என்பதால் சின்ன ஃபோனில் படித்தால் கண் போய்விடும், டேப்லெட் அல்லது கணினி சரி. முன்னால் உள்ள பொருளடக்கத்தைப் பார்த்து நேரே ஃபேர்சைல்டு பகுதிக்குத் தாவிவிடலாம்.

ஐந்துக்கு நாலரை. இதை முடித்த கையோடு வாலன்டைனுடையதையும் இறக்கிக்கொள்ளுங்கள். அவர் ஃபேர்சைல்டில் விற்பனைப் பக்கம் இருந்து, 1972-ல் செக்கோயா என்ற வென்ச்சர் கேப்பிட்டல் நிறுவனத்தைத் தொடங்கியவர். ராக் ஆளைப் பார்த்துப் பணம் போட்டார் என்றால், இவர் ஆளை விடு, சந்தை எவ்வளவு பெரிசு என்று கேட்கிற கட்சி.