திருகு டைமர்: ஏழு மாத உபயோகம், ஒரு தடவை பிரித்து மாட்டியது உட்பட

ராமநாதபுரத்தில் ஒரு பாத்திரக்கடையில் 280 ரூபாய்க்கு வாங்கினேன். குக்கர் காஸ்கெட்டுக்கும் டீ வடிகட்டிக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை நிறம், உள்ளங்கை அகலம், முகத்தில் 60 வரை எண்கள், முதுகில் காந்தம். பேட்டரி கிடையாது. முகத்தைத் திருகினால் உள்ளே ஸ்பிரிங் முறுக்கேறும். அது அவிழ அவிழ டிக் டிக்கென்று ஓடி, பூஜ்யத்துக்கு வந்ததும் ஒரு குட்டிச் சுத்தியல் மணியில் அடிக்கும். கேக் செய்கிறவர்களுக்கான சாமான்.

நான் கேக் செய்வதில்லை. பாம்பனில் கல்யாணப் பத்திரிகையும் ஃபிளெக்ஸும் டிசைன் செய்கிறேன். எனக்கு ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைச்செயல்பாடு) என்று மதுரையில் ஒரு மனநல மருத்துவர் சொன்னபோது வயது 31. பெயரைக் கேட்டால் கவனமே இல்லாத ஆள் என்று தோன்றும். கவனம் நிறையவே இருக்கிறது, சுக்கான்தான் என் கையில் இல்லை. ஒரு விஷயம் பிடித்துக்கொண்டால் சோறு, தூக்கம், மூத்திரம் எதுவும் தெரியாது. ஹைப்பர்ஃபிக்சேஷன் என்கிறார்கள். டாக்டர்களின் அறிகுறிப் பட்டியலில் இந்தச் சொல் கிடையாது. ஆனால் ஏடிஹெச்டியோ ஆட்டிசமோ உள்ள இரண்டு பேர் சந்தித்தால் முதலில் பேசுவது இதைத்தான்.

"இவனுக்கு அடுத்த பேய் புடிச்சிருச்சு" என்று அப்பா சிரித்துவிட்டுக் கடலுக்குப் போய்விடுவார். பெரியம்மா சிரிக்கவில்லை, ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். எங்கள் கடற்கரையில் மனசு சரியில்லை என்றாலே அடுத்த சொல் ஏர்வாடிதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக்கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அம்மா அதை மறக்கவில்லை போல. பெரியம்மாவுக்குப் பதில் சொல்லாமல், மறுநாள் என்னை மதுரை பஸ்ஸில் ஏற்றினார்.

டைமருக்கு வருகிறேன். அதை வாங்க வைத்தது பாலம். 2025 ஏப்ரல் 6-ல் பாம்பனின் புது ரயில் பாலத்தைத் திறந்தார்கள். ஊரே புதுசைப் பார்க்க, எனக்குப் பழையது பிடித்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து கண்ணெதிரே நிற்கிற பாலம், அதுவரை ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை. 1914-ல் திறந்தது. நடுவில் இருக்கும் இரண்டு கதவும் சும்மா தூக்கிக்கொள்ளாது. அடிப்பக்கம் பிறை மாதிரி வளைந்திருப்பதால் ஆடுநாற்காலி போல உருண்டு பின்னால் சாயும். சிகாகோக்காரர் ஷெர்சரின் யோசனை. ரயில் ஓடிய காலத்தில் கப்பல் வந்தால் ஆட்கள் நின்று கையாலேயே நெம்பித் திறந்தார்கள். புதுசில் 72.5 மீட்டர் துண்டு மோட்டாரில் 17 மீட்டர் செங்குத்தாக மேலே போகிறது. லிஃப்ட். அதில் என்ன அழகு இருக்கிறது? 1964 புயல் பழைய பாலத்தைப் பிய்த்துப் போட்டபோது ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் அதை 46 நாளில் சரிசெய்தார், அப்போது கடலுக்குள் விழுந்த இரும்புத் துண்டுகளை

மணி அடித்துவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். விஷயம் இதுதான்: ஐந்து வாரம் கோரல்டிராவில் அந்தக் கதவை ரிவெட் ரிவெட்டாக வரைந்தேன். வரைந்துகொண்டிருந்த அதே கம்ப்யூட்டரில், இரண்டு ஜன்னல் தள்ளி, ஒரு கல்யாணப் பத்திரிகை பாதியில் திறந்து கிடந்தது. பெண்ணின் தாய்மாமன் வந்து நின்றபோதுதான் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருப்பது தெரிந்தது. அவர் திட்டவில்லை. "விடுங்க தம்பி, வாட்ஸப்புல அனுப்பிக்கிறோம்" என்று அட்வான்ஸைக்கூடக் கேட்காமல் போனார். திட்டியிருக்கலாம். அடுத்த வாரம் பாலம் மனசிலிருந்து இறங்கிவிட்டது. அந்த ஃபைலை இன்றுவரை திறக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் ஃபைட்டர் மீன் வளர்த்த 23 பாட்டில்கள் இருக்கின்றன, பக்கத்தில் பேர் எழுதி ஒட்டின சங்குப் பெட்டி. பிடித்துக்கொள்ளும்போது இருப்பதைவிட, விட்டுப்போன பிறகு அதைத் தாண்டி நடப்பதுதான் கஷ்டம். இதற்கு டைமர் எதுவும் செய்யாது.

செய்வது என்ன? முதலில், ஃபோன் அலாரத்தைவிட மேல். அலாரம் அடித்தால் என் கட்டைவிரல் எனக்குத் தெரியாமலே அணைத்துவிடும். தெரிந்து அணைத்தாலோ ஃபோன் கைக்கு வந்துவிடும், அது இன்னொரு கிணறு. இதில் அந்தத் தொல்லை இல்லை. டிக் டிக் சத்தம்தான் இதன் உயிர். நேரம் போகிறது என்பதே எனக்கு உறைக்காது. அப்பா காற்று வாடையிலிருந்து கச்சானுக்குத் திரும்புவதை முதுகிலேயே உணர்கிறவர், அவர் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் மூன்று நிமிஷமாகத் தெரிகிறது. காதில் விழுந்தால்தான் நம்புகிறேன். சத்தம் நின்றால், மணியைத் தவறவிட்டாலும், எதுவோ குறைகிற மாதிரி இருக்கும்.

மணி நாலைந்து விநாடிக்கு மேல் அடிக்காது, அது பெரிய குறை. எவர்சில்வர் தட்டின்மேல் வைத்தேன். அதிர்வு சமையற்கட்டுவரை கேட்கிறது. இதில் எதிர்பாராத லாபம் ஒன்று. முன்பெல்லாம் அம்மா "சோறு ஆறிப்போய்க் கெடக்குடா" என்று ஆறு தடவை கூப்பிடுவார், ஏழாவது தடவை நான் கத்துவேன். இப்போது "மணி அடிச்சிருச்சு" என்று ஒரு தடவை சொல்கிறார், அவ்வளவுதான். என் கோபம் டைமர்மேல் போகிறது. அதற்கு ஒன்றும் ஆவதில்லை.

நேரம் துல்லியம் இல்லை, 30 வைத்தால் 32 ஓடும். பத்து நிமிஷத்துக்குள் வேண்டுமென்றால் முதலில் நன்றாகத் தள்ளித் திருகி, பிறகு பின்னால் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் மணிக்கு முறுக்கு போதாது.

உப்புக்காற்று இதற்கு எமன். நாலாம் மாதம் காந்தத்தைச் சுற்றித் துரு, டிக் டிக்கில் கரகரப்பு. தேங்காயெண்ணெய் விட்டேன். தயவுசெய்து விடாதீர்கள். மூன்று நாள் வழவழவென்று ஓடிவிட்டு, பிசின் மாதிரி இறுகி நின்றுபோனது. துடைக்கலாம் என்று ஒரு ராத்திரி சாப்பிட்டுவிட்டு மூன்று ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே ஒரு குட்டிப் பற்சக்கரம், அதை ஒவ்வொரு பல்லாக விட்டு விட்டுப் பிடிக்கும் ஒரு கொக்கி. அந்தக் கொக்கிதான் டிக். அது இல்லாவிட்டால் மொத்த ஸ்பிரிங்கும் ஒரு நொடியில் அவிழ்ந்துவிடும். அதை வரைந்தேன். பல்லை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். ஸ்பிரிங் துள்ளிக் கட்டைவிரலைக் கிழித்தது. வேதக்கோயில் மணி கேட்டபோது விடிந்திருந்தது. என்னை எழுப்ப வேண்டிய மணி என் முன்னால் பதினேழு துண்டாகக் கிடந்தது.

மாட்டிவிட்டேன். ஒரு வாஷர் மிச்சம். இப்போது அது 30 வைத்தால் 41 ஓடுகிறது. அதே கடையில் இரண்டாவது வாங்கினேன், அதே விலை. இதற்கு மாதம் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய், ராத்திரியில் மூடி வைக்க ஒரு டப்பா. மூன்று மாதமாகத் துரு இல்லை.

இதை வைத்தியம் என்று நினைத்து வாங்காதீர்கள். நான் மாத்திரையும் எடுக்கிறேன், அதற்கு மதுரைக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. யாரிடம் கேட்பது என்றே தெரியாதவர்களுக்கு 14416 இருக்கிறது. டெலி மானஸ், அரசு எண், இலவசம், தமிழில் பேசலாம்.

இரண்டாவது டைமர் வீட்டுக்கு வந்த அன்றே அம்மா ஸ்க்ரூடிரைவர் செட்டை என்னிடமிருந்து வாங்கி அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டார். எந்த டிரம் என்று எனக்குத் தெரியும். இதுவரை தோண்டவில்லை.