முகம் தெரிய வேண்டிய இடத்துக்கு 2.8 எம்எம் லென்ஸ் வேண்டாம்

எங்கள் நங்கநல்லூர் ஃபிளாட்டின் வாசலுக்கு 2 மெகாபிக்சல் வெரிஃபோக்கல் (காட்சியின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய லென்ஸ் உள்ள) புல்லட் கேமரா ஒன்றை வாங்கி மாட்டி, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பார்த்தாகிவிட்டது. உள்ளே வருகிறவர் முகம் பகலிலும் தெரிகிறது, நடு ராத்திரியிலும் தெரிகிறது. இதே வேலைக்கு 8 மெகாபிக்சல் வாங்கச் சொன்னவர்கள்தான் அதிகம். அதனால் எதைப் பார்த்து இதை எடுத்தோம் என்று விவரமாகவே எழுதுகிறேன். நான் எங்கள் சங்கத்தின் கணக்கு வழக்கைப் பார்க்கிறவள். கேமரா வியாபாரத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை.

முன்பு கேட்டுக்கு மேலே பத்தடி உயரத்தில் ஒரு டோம் கேமரா இருந்தது. மாட்டியவர், "மேடம், ரோடு, கேட், பார்க்கிங் எல்லாம் இந்த ஒண்ணுலயே கவர் ஆயிடும்" என்றார். கவர் ஆகத்தான் செய்தது. மூன்றாவது மாடிப் பையனின் கியர் சைக்கிள் காணாமல் போனபோது பதிவை ஓட்டிப் பார்த்தோம். ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது, சட்டையின் நிறம்கூடத் தெரிந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மங்கலாக ஒரு திட்டு. ஸ்டேஷனில் அதைப் பார்த்த ஏட்டு, "இதை வச்சு யாரைம்மா தேடுறது?" என்று கேட்டார். பத்தாவதில் நல்ல மார்க் எடுத்ததற்காக அவன் அப்பா வாங்கித் தந்த சைக்கிள் அது. கேமரா என்று ஒன்று இருந்தும் அந்தக் குடும்பத்துக்கு எந்த உபயோகமும் இல்லாமல் போனது எனக்குத் தாங்கவில்லை.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஐஇசி 62676-4 என்கிற, கண்காணிப்புக் கேமராக்களுக்கான சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பு, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழ வேண்டும் என்று சொன்னது. ஆள் நடமாட்டம் தெரிய 25 போதும். ஏற்கெனவே பழகிய ஆளை இன்னார் என்று சொல்ல 125 வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காட்ட 250 வேண்டும். மனித முகம் சுமார் 16 செ.மீ. அகலம். அப்படியென்றால் முகத்தின் குறுக்கே 40 பிக்சலாவது விழ வேண்டும்.

எங்கள் பழைய கேமராவில் இருந்தது 2.8 எம்எம் லென்ஸ். கடைகளில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது இதைத்தான். ஏறக்குறைய 105 டிகிரிக்கும் மேலே அகலமாகப் பார்க்கும். ஆறு மீட்டர் தூரத்தில் அது காட்டும் காட்சியின் அகலம் கிட்டத்தட்ட 16 மீட்டர். 2 மெகாபிக்சல் படத்தின் 1920 பிக்சலை 16 மீட்டருக்குப் பங்கு போட்டால் மீட்டருக்கு 120 தான். முகத்துக்கு வந்து சேர்வது இருபது பிக்சல்கூட இல்லை. மூன்று மீட்டருக்குள் ஆள் வந்து நின்றால்தான் அந்த லென்ஸ் முகத்தைத் தரும்.

8 மெகாபிக்சல் போட்டால் சரியாகிவிடாதா? பகலில் ஓரளவு ஆகும், 3840 பிக்சலை அதே 16 மீட்டருக்குப் பிரித்தால் 240 வருகிறது. ஆனால் அதே அளவு சென்சாரில் நான்கு மடங்கு பிக்சலை அடைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைந்துபோகிறது. இரவில் படம் பொரிப்பொரியாக வரும். திருட்டு நடப்பது அந்த நேரத்தில்தானே.

ஆகவே அகலம் வேண்டாம், ஒடுக்கம்தான் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். சிபி பிளஸ், ஹிக்விஷன், டாஹுவா மூன்றிலுமே 2.8 முதல் 12 எம்எம் வரை (எண் கூடக் கூடக் காட்சி ஒடுங்கும்) கூட்டிக் குறைக்கக்கூடிய வெரிஃபோக்கல் மாடல்கள் அப்போது இருந்தன. பிராண்டைவிட லென்ஸும் டபிள்யூடிஆரும்தான் (பின்னால் வெயில் அடித்தாலும் ஆளைத் தெளிவாகக் காட்டும் வசதி) முக்கியம் என்பது என் கருத்து. கடைத் தம்பி ஒருவர், "அக்கா, ஃபிளாட்டுக்கெல்லாம் யாரும் வெரிஃபோக்கல் கேக்கறது இல்ல, 2.8 போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விலை சாதாரண கேமராவைப் போல இரண்டு பங்குக்கும் மேலே. சங்கத்தில் முணுமுணுப்பு எழாமல் இல்லை. ஆனால் எங்களுக்கு வேண்டியிருந்தது இப்படி ஒன்றே ஒன்றுதான். ரோட்டையும் பார்க்கிங்கையும் பார்க்க பழைய டோம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். முகத்துக்கு என்று தனியாக ஒரு கேமரா, அதற்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது.

அப்புறம் மாட்டும் இடம். உயரத்தில் வைத்தால் யாரும் உடைக்க மாட்டார்கள் என்று எல்லோரும் பத்தடியில் வைக்கிறார்கள். அங்கிருந்து, இரண்டு மீட்டர் தள்ளி நடக்கிறவரின் உச்சந்தலையும் தொப்பியும்தான் தெரியும். முகம் நேராகக் கிடைக்க, கேமரா 15 டிகிரிக்கு மேல் கீழ்நோக்கிச் சாயக் கூடாது. எங்களுடையது ஸ்டில்ட் பார்க்கிங் உள்ள கட்டடம் என்பதால் படிக்கட்டுக்குப் பக்கத்து பீமில் ஏழரை அடி உயரத்திலேயே மாட்ட முடிந்தது. சிறிய கேட்டைத் திறந்துகொண்டு வருகிற யாரும் அதை எதிரே பார்த்தபடி ஐந்து மீட்டர் தூரத்தில் வந்தே ஆக வேண்டும். லென்ஸைச் சுருக்கி, அந்த இடத்தில் காட்சியின் அகலம் மூன்றரை மீட்டர் இருக்கும்படி வைத்தோம். இப்போது மீட்டருக்கு 540 பிக்சலுக்கும் மேல், முகத்துக்கு 80 பிக்சலுக்கும் மேல் கிடைக்கிறது.

எங்கள் கேட் கிழக்குப் பார்த்தது. காலை ஏழு மணிக்கு வெயில் ஆளின் முதுகுக்குப் பின்னால் இருந்து நேராக லென்ஸில் அடிக்கும். வெறும் டிஜிட்டல் டபிள்யூடிஆர் உள்ள கேமராவில் ஆள் கறுப்பு நிழலாகத்தான் தெரிவார். விவரத் தாளில் 120 டெசிபல் (dB) ட்ரூ டபிள்யூடிஆர் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எங்களுடையதில் இருக்கிறது, பால்காரர் முகம் காலையிலும் நன்றாகவே விழுகிறது.

இரவுக்கு இந்தக் கேமராவைவிட அதிகம் உதவியது நடைபாதையில் போட்ட ஒரு 20 வாட் எல்ஈடி பல்புதான். கேமராவிலிருந்து வரும் ஐஆர் (அகச்சிவப்பு) வெளிச்சத்தை மட்டும் நம்பினால் கிட்டே வரும் முகம் வெளுத்துப்போய் கண்ணும் மூக்கும் கரைந்துவிடுகின்றன. ஐஆர் பல்புகளைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வந்து லென்ஸ் முன்னால் வலை கட்டும், அது வேறு தொல்லை. வெள்ளை வெளிச்சம் ஆளின் முகத்தில் விழுகிற மாதிரி இருந்தால் ராத்திரியிலும் கலரிலேயே பதிவாகும்.

ஷட்டரையும், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சம் வாங்கும் நேரத்தையும், கவனியுங்கள். ஆட்டோவில் விட்டால் இருட்டியதும் கேமரா 1/25 விநாடிக்கு இறங்கிவிடும். சாதாரணமாக நடக்கிறவரே அதற்குள் ஐந்தாறு சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார், முகம் இழுபட்டுப் போகும். 1/100-இல் நிறுத்திவிடுங்கள். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல்பு மினுக்கலும் இதனால் வராது. படம் லேசாக இருட்டும், அதற்குத்தான் பல்பு.

பதிவின் தரத்திலும் பலர் கோட்டை விடுகிறார்கள். ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் நிறையக் கூடாது என்று மாட்டுகிறவர்கள் பிட்ரேட்டை (ஒரு விநாடிப் பதிவுக்கு ஒதுக்கும் டேட்டா அளவை) குறைத்து வைத்துவிடுவது வழக்கம். ஆள் நகர்ந்ததும் முகம் கட்டம் கட்டமாகிவிடும். இந்த ஒரு கேமராவுக்கு மட்டும் எச்.265 என்கிற வீடியோ சுருக்கும் முறையில் விநாடிக்கு 4 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வைத்திருக்கிறோம். நாளைக்கு சுமார் 43 ஜிபி, 2 டெராபைட் டிஸ்க்கில் ஒன்றரை மாதம் நிற்கிறது.

குறை என்று சொன்னால் ஹெல்மெட். டெலிவரி கொண்டுவருகிறவர்கள் அவசரத்தில் கழற்றாமலே வருகிறார்கள், எந்த லென்ஸாலும் அதைத் தாண்ட முடியாது. "ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வரவும்" என்று பலகை வைத்து, வாட்ச்மேன் அண்ணனிடமும் சொல்லியிருக்கிறோம். பெரும்பாலானவர்கள் மதிக்கிறார்கள். வெயிலில் அலைகிற பிள்ளைகள், அவர்களைக் கடிந்துகொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

வாங்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள். சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய அரசு விதித்த பாதுகாப்புச் சோதனைகள் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டன. எஸ்டிக்யூசி (மத்திய அரசின் தரச்சோதனை அமைப்பு) சான்று உள்ள மாடலா என்று கேட்டு, மாடல் எண்ணை பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய சரக்கைத் தள்ளுபடி என்று நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாட்டிய அன்றே பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

மாட்ட வந்தவருக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் இரவு எட்டு மணிக்குமேல் ஒரு முறை அவரை வரச் சொல்லுங்கள். வீட்டில் யாரையாவது கேட்டிலிருந்து படிக்கட்டுவரை இயல்பாக நடக்கவிட்டு, அந்தப் பதிவைப் பென் டிரைவில் எடுத்து லேப்டாப்பில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். போன் ஆப்பில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், அதில் பெரும்பாலும் வருவது தரம் குறைந்த சப் ஸ்ட்ரீம். நடந்தவரைத் தெரியாத ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அவரைக் கூட்டத்தில் காட்ட முடியும் என்று சொன்னால் மீதிப் பணத்தைக் கொடுத்துவிடலாம்.